குளிர்காலத்தில் சோம்கோ ஏரி: கேங்டாக்கிலிருந்து ஒரு நாள் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிக்கிம் போக நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குளிர்காலத்தில் இந்த ஏரிக்கு எந்த நாள் போவது என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, மலைப்பாதைதான் முடிவு செய்யும். அதனால் கேங்டாக்கில் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொண்டு போங்கள். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சோம்கோ ஏரியும் சாங்கு ஏரியும் ஒன்றா?

ஒன்றுதான். பலகைகளில் சோம்கோ என்று இருக்கும், டிரைவர்கள் சாங்கு என்பார்கள். இரண்டு பெயரையும் பார்த்துவிட்டு இரண்டு தனி டூர் புக் செய்துவிட வேண்டாம்.

கேங்டாக்கிலிருந்து நாது லா கணவாய்க்குப் போகும் ஜவஹர்லால் நேரு சாலையில் சுமார் 38 கிலோமீட்டரில் இருக்கிறது. உயரம் 3,753 மீட்டர், அதாவது 12,313 அடி. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான்; அதைவிட ஒரு கிலோமீட்டருக்கும் மேலே ஒரு ஏரி என்று நினைத்துப் பாருங்கள். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம், முட்டை வடிவம். சுற்றிலும் உள்ள மலைகளின் பனி உருகி வருவதுதான் இதன் தண்ணீர். 2006-ல் இந்திய அஞ்சல் துறை இந்த ஏரிக்குத் தபால்தலை வெளியிட்டது.

தமிழ்நாட்டிலிருந்து கேங்டாக் எப்படிப் போவது?

விமானம் என்றால் பாக்டோக்ரா. ரயில் என்றால் நியூ ஜல்பாய்குரி. சென்னையிலிருந்து நேரடி ரயில் இருக்கிறது, கன்னியாகுமரி–திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸும் அந்த வழியாகத்தான் போகிறது. இரண்டு இடத்திலிருந்தும் கேங்டாக் சாலை வழியாக 120 கிலோமீட்டரை ஒட்டி வரும். தீஸ்தா ஆற்றை ஒட்டிய தேசிய நெடுஞ்சாலை 10-ல் போக்குவரத்தைப் பொறுத்து நான்கைந்து மணி நேரம் ஆகும். சிக்கிமிலேயே பாக்யோங்கில் ஒரு விமான நிலையம் 2018-ல் திறக்கப்பட்டது. ஆனால் அங்கே விமானம் வருவதும் நிற்பதுமாக இருப்பதால் அதை நம்பி ஊர்ப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

வந்து இறங்கிய மறுநாளே ஏரிக்குக் கிளம்புவதைவிட ஒரு நாள் கேங்டாக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவது உடம்புக்கு நல்லது. காரணம் கீழே உயரம் பற்றிய பதிலில் இருக்கிறது.

எந்த மாதம் போனால் பனி நிச்சயம்?

ஜனவரி, பிப்ரவரி. மார்ச்சிலும் பெரும்பாலும் ஏமாற்றாது, ஏப்ரல் தொடக்கம்வரைகூடப் பனி கிடக்கும்.

அரையாண்டு விடுமுறையைக் கணக்குப் போட்டு டிசம்பர் கடைசியில் வருகிறவர்கள்தான் அதிகம். அந்த வாரத்தில் ஏரி முழுக்க உறைந்திருக்கும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். டிசம்பர் முதல் பாதியில் வானம் துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும், மலை உச்சிகளில் மட்டும் வெள்ளை, ஏரியில் தண்ணீர் அலையடிக்கும். கடைசி வாரத்தில் ஒரு நல்ல பனிப்பொழிவு வந்தால் ஒரே இரவில் காட்சி மாறிவிடும்; கூடவே பாதையும் மூடிவிடும். படங்களில் பார்க்கும் கெட்டியாக உறைந்த வெள்ளை ஏரி வேண்டும் என்றால் ஜனவரி பாதிக்கு மேல் வாருங்கள். எனக்குக் கேட்டால், பாதி உறைந்து பாதி தண்ணீராக இருக்கும் ஏரிதான் அழகு. ஆனால் பனியைப் பார்க்க வந்த குழந்தைகளிடம் இந்த நியாயம் எடுபடாது.

பர்மிட் வேண்டுமா? அதை நாமே வாங்கலாமா?

கட்டாயம் வேண்டும். சீன எல்லைக்குப் போகும் பாதை என்பதால் இது பாதுகாக்கப்பட்ட பகுதி. இந்தியர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. பர்மிட்டைப் பதிவு பெற்ற டிராவல் ஏஜென்ட் மூலம்தான் எடுக்க வேண்டும். தங்கும் விடுதியில் சொன்னாலே ஏற்பாடு செய்துவிடுவார்கள். முந்தைய நாளே அடையாள அட்டை நகலும் பாஸ்போர்ட் அளவு போட்டோக்களும் கொடுக்க வேண்டும். போட்டோவை ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள், ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டுடியோ தேடி அலைவது மிச்சம்.

வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், இவற்றில் ஒன்று கையில் இருக்கட்டும். ஆதாரை மட்டும் நம்பிப் போக வேண்டாம், பான் கார்டு செல்லவே செல்லாது. பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழோ பள்ளி அடையாள அட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். அசல் அட்டைகளும் கூடவே இருக்க வேண்டும், வழியில் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள்?

ஏரிவரை போகலாம், நாது லாவுக்குப் போக முடியாது. சிக்கிமுக்குள் நுழையவே வெளிநாட்டவருக்குத் தனி அனுமதி தேவை. ஏரிக்கு அதற்கு மேல் இன்னொரு பர்மிட். குறைந்தது இரண்டு பேராக, ஏஜென்ட் மூலம் போக வேண்டும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்களும் இந்த விஷயத்தில் வெளிநாட்டவர் கணக்குதான். சென்னையிலிருந்து உறவினர்களோடு சேர்ந்து போகும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே ஏஜென்ட்டிடம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதிப் பேர் நாது லாவுக்கும் பாதிப் பேர் ஏரிக்கரையிலுமாகப் பிரிய வேண்டி வரும்.

சொந்த வண்டியிலோ வாடகை பைக்கிலோ போகலாமா?

வெளிமாநில வண்டியில் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். பர்மிட்டிலேயே வண்டி எண்ணும் டிரைவர் பெயரும் இருக்கும், சிக்கிம் பதிவு எண் கொண்ட வண்டிகளைத்தான் ஏஜென்ட்கள் போடுவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று ஷேர் வண்டியும் உண்டு, முழு வண்டியும் எடுக்கலாம். நான்கு பேருக்கு மேல் இருந்தால் முழு வண்டியே நிம்மதி. இறங்கும் நேரம் நம் கையில் இருக்கும்.

பனிக்காலத்தில் பைக் வேண்டவே வேண்டாம். நிழல் விழும் வளைவுகளில் சாலைமேல் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி படிந்திருக்கும், பார்த்தால் ஈரம் போலத்தான் தெரியும். உள்ளூர் டிரைவர்கள் அந்த இடங்களை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், தேவைப்பட்டால் டயருக்குச் சங்கிலி கட்டுகிறார்கள். நம்மால் ஆகாது.

அந்த நாள் எப்படிப் போகும்?

காலை ஏழிலிருந்து எட்டுக்குள் கிளம்ப வேண்டும். சோதனைச் சாவடியில் வரிசை நிற்கும். அதைத் தாண்டியதும் ஏற்றம்தான். இந்தப் பாதையில் இடங்களுக்கு மைல் கணக்கில்தான் பெயர்: மூன்றாம் மைல், பதிமூன்றாம் மைல், பதினைந்தாம் மைல் என்று. சாலையைப் பராமரிப்பது எல்லைச் சாலைகள் அமைப்பு. வழி நெடுக ராணுவ முகாம்கள் வரும். அவற்றைப் படம் எடுக்காதீர்கள்.

ஏரிக்குக் கொஞ்சம் முன்னால் கியோங்னோஸ்லா வனவிலங்குச் சரணாலயத்தைக் கடந்து போவீர்கள். சிவப்புப் பாண்டா வாழும் காடு அது. கார் ஜன்னலிலிருந்து பாண்டா தெரியும் என்று யாரும் ஆசை காட்டினால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள். ஆனால் மரங்கள் எப்படிக் குட்டையாகிக் குட்டையாகிக் கடைசியில் காணாமல் போகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.

பாதை சரியாக இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், பனி இருந்தால் மூன்று மணி நேரத்தில் ஏரி. அங்கே ஒன்றரை, இரண்டு மணி நேரம் போதும். மதியத்துக்குமேல் மேகம் இறங்கிவிடும், குளிரும் காற்றும் கூடும். இன்னொன்றும் இருக்கிறது: சிக்கிம் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருப்பதால் டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். சென்னைக் கணக்கில் ஆறு மணிவரை வெளிச்சம் இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. மூன்று மணிக்குள் இறங்கத் தொடங்கிவிட வேண்டும்.

நாது லாவையும் பாபா மந்திரையும் சேர்த்தே பார்த்துவிடலாமே?

ஏஜென்ட்கள் மூன்றையும் ஒரே பொட்டலமாகத்தான் விற்பார்கள். ஏரி வழியிலேயே இருக்கிறது, அதனால் மலிவாகவும் தோன்றும். சீரான பாதை, நல்ல வானிலை, திடமான உடம்பு என்றால் பார்க்கலாம். ஆனால் நடுக்குளிர்காலத்தில் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, ஏரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாது லா 4,310 மீட்டர். ஏரியிலிருந்து இன்னும் 550 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். 2006 ஜூலையில் இந்தியாவும் சீனாவும் எல்லை வணிகத்துக்காக மீண்டும் திறந்த கணவாய் அது. 1967-ல் இரு நாட்டு ராணுவங்களும் மோதிக்கொண்ட இடமும் அதுவே. பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. வாரத்தில் திங்களும் செவ்வாயும் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுமுறை, அதற்குத் தனி பர்மிட், தனிக் கட்டணம். குளிர்காலத்தில் ஏரிவரை பாதை திறந்து, அதற்கு மேல் மூடியிருப்பது சர்வ சாதாரணம். பாபா மந்திர் என்பது 1968-ல் பணியின்போது இறந்த ஹர்பஜன் சிங் என்ற ராணுவ வீரருக்கு எழுப்பிய கோயில். அவர் இன்னமும் எல்லையைக் காவல் காக்கிறார் என்று வீரர்கள் நம்புகிறார்கள்.

மூன்றையும் ஒரே நாளில் அடைக்கும்போது வெட்டுப்படுவது எப்போதும் ஏரிதான். போகும்போது "திரும்பி வரும்போது நிறுத்துகிறேன்" என்பார் டிரைவர். திரும்பும்போது மேகம் மூடியிருக்கும், இருபது நிமிடத்தில் ஒரு டீயோடு முடிந்துவிடும். ஏரிக்காக வந்திருந்தால் போகும்போதே இறக்கிவிடச் சொல்லுங்கள். வண்டி பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள்.

அந்த உயரத்தில் மூச்சு வாங்குமா? மாத்திரை போட வேண்டுமா?

வாங்கும். கேங்டாக் சுமார் 1,650 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து இரண்டு, மூன்று மணி நேரத்தில் 2,100 மீட்டர் மேலே போகிறோம். ஏரிக்கரையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. பத்துப் படி ஏறினாலே இதயம் படபடக்கும், லேசாகத் தலை வலிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, மெதுவாக நடந்தால் போதும். ஓடிப் பிடித்துப் பனிப்பந்து எறிகிற வேலைதான் ஆளைச் சாய்க்கும்.

நல்ல வேளையாக இது ஒரு நாள் பயணம். உயரத்தால் வரும் உடல்நலக் குறைவு பெரும்பாலும் மேலே போய்ச் சில மணி நேரம் கழித்து, அங்கேயே இரவு தங்கும்போதுதான் முற்றும். நாம் அதற்குள் கீழே இறங்கிவிடுகிறோம். அதனால் ஆரோக்கியமானவர்களுக்கு மாத்திரை பொதுவாகத் தேவைப்படாது. உயரத்தால் வரும் நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரையைப் போடலாமா என்று யோசிப்பவர்கள் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பக்கத்து சீட்டுக்காரர் நீட்டுவதை வாங்கிப் போடாதீர்கள். வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவர்கள் அதற்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம்.

தலைவலி கடுமையாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் யோசிக்கவே வேண்டாம், உடனே கீழே இறங்குவதுதான் மருந்து. வழியில் கிடைக்கும் சிறிய ஆக்சிஜன் டப்பாக்கள் சில நிமிடத்துக்கு ஆறுதல் தரும், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இன்னும் மேலே போகலாம் என்று எண்ணுவது ஆபத்து.

குடித்தால் உடம்பு சூடாகும் என்பது பொய். தோலில் உள்ள ரத்த நாளங்கள் விரிவதால் சூடு மாதிரி தெரியும். உண்மையில் உடலின் வெப்பம் வேகமாக வெளியே போகும்.

அப்பா அம்மாவையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போகலாமா?

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கடுமையான ஆஸ்துமா, சமீபத்தில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகிய எதுவாக இருந்தாலும் மருத்துவர் சரி என்றால் ஒழிய வேண்டாம். எழுபது வயதிலும் தினமும் நடக்கிறவர்கள் தாராளமாக வரலாம். வண்டி ஏரிக்கரைவரை போகிறது. இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் அதைப் பையில் போடாமல் சட்டையின் உள்பையில் வையுங்கள், குளிர்ந்துபோனால் சரியாக வேலை செய்யாது.

கைக்குழந்தை விஷயத்தில் என் கருத்து கறாரானது: அழைத்துப் போகாதீர்கள். தலை வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

என்ன உடுத்துவது? ஊரிலேயே ஜாக்கெட் வாங்க வேண்டுமா?

ஒரு நாளுக்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தேவையில்லை. ஏரி அருகிலும் வழியில் உள்ள கடைகளிலும் கம் பூட்ஸ், கனமான ஜாக்கெட், கையுறை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸை வாடகைக்கே எடுங்கள். நம் ஸ்போர்ட்ஸ் ஷூ பனியில் ஐந்து நிமிடம் நின்றால் நனைந்துவிடும், நனைந்த காலோடு மூன்று மணி நேரம் வண்டியில் உட்கார்வது நரகம். பூட்ஸுக்குள் போட ஒரு ஜோடி கம்பளிக் காலுறையை மட்டும் நீங்களே கொண்டுவாருங்கள். மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி வண்டியில் இருக்கட்டும்.

உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதற்குமேல் காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட் என்று அடுக்காகப் போட வேண்டும். ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் காயவே காயாது. மாலை நேர ஊட்டிக்குப் போதுமான ஒற்றை ஸ்வெட்டர் இங்கே பத்தாது: பகலிலேயே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், காற்றடித்தால் அதற்கும் கீழே. புடவைதான் கட்டுவேன் என்கிற அம்மாக்கள் உள்ளே தெர்மல் பேன்ட் போட்டு, கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். காதை மூடும் மங்கி குல்லாவைக் கேலி செய்தவர்கள்கூட அங்கே அதைத்தான் தேடுவார்கள்.

கறுப்புக் கண்ணாடியை மறக்க வேண்டாம். புதுப் பனி, விழும் புறஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் திருப்பி அடிக்கும். குளிர்தானே என்று விட்டால் சாயங்காலம் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும், முகம் கறுத்து உரியும். சன்ஸ்கிரீனை மூக்குக்குக் கீழும் தாடைக்கு அடியிலும் தடவுங்கள், வெயில் தரையிலிருந்தும் வருகிறது.

உறைந்த ஏரியின் மேல் நடக்கலாமா?

கூடாது. மற்றவர்கள் நடக்கிறார்களே என்பது ஒரு காரணமே இல்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தி கொள்ளும். அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலே மிதக்கும், அதனால் ஏரி மேலிருந்து உறைகிறது, அடியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. மேலே உள்ள கட்டியின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். ஓடை வந்து சேரும் முனைகளில் மெலிதாக இருக்கும். மேலே புதுப் பனி போர்த்திவிட்டால் எது கெட்டி, எது மெலிது என்று கண்ணுக்குத் தெரியாது. உள்ளே விழுந்தால் அந்தக் குளிரில் கை கால் செயல்படுவது சில நிமிடங்கள்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உள்ளூர் மக்களுக்கு இது புனிதமான ஏரி. குரு பூர்ணிமா நாளில் ஜாக்ரி எனப்படும் பூசாரிகள் இங்கே கூடி வழிபடுகிறார்கள். முற்காலத்தில் லாமாக்கள் ஏரித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வரும் ஆண்டு எப்படி இருக்கும் என்று சொன்னார்களாம். கோயில் குளத்தில் எப்படி நடந்துகொள்வோமோ அப்படி இருந்தால் போதும்.

யாக் சவாரியும் ரோப் காரும் எப்படி?

கொம்புக்குக் கம்பளி உறை மாட்டி, சேணத்துக்கு வண்ணத் துணி போட்டு யாக்குகளை நிறுத்தி வைத்திருப்பார்கள். கரையோரமாகக் கொஞ்ச தூரம் அழைத்துப் போவார்கள். உட்கார்ந்து படம் மட்டும் எடுக்க ஒரு விலை, சவாரிக்கு ஒரு விலை. ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கரை வழுக்கலாக இருக்கும் நாளில் நான் சவாரியைத் தவிர்ப்பேன்.

ரோப் காருக்குப் பணம் கொடுக்கலாம். மேலிருந்து பார்த்தால்தான் ஏரியின் முழு வடிவமும் தெரியும். ஆனால் ஏறும் முன் வானத்தைப் பாருங்கள்: மேகம் மூடியிருந்தால் டிக்கெட் காசுக்கு வெள்ளைச் சுவர்தான் கிடைக்கும். ஏற்கெனவே தலை வலிக்கிறவர்கள் கீழேயே இருந்துவிடுவது நல்லது.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை?

மேகி, வாய் வாய் நூடுல்ஸ், மோமோ, டீ. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, வெஜ் மோமோ கேட்டு வாங்கலாம். மேகி வர நேரமானால் கடைக்காரரிடம் கோபிக்காதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரிக்கும் குறைவிலேயே கொதித்துவிடும், வேக நேரம் ஆகத்தான் செய்யும்.

பெட் பாட்டிலில் அடைத்த குடிநீரை 2022 ஜனவரி முதல் சிக்கிம் தடை செய்திருக்கிறது. ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். ஏரியைச் சுத்தமாக வைத்திருக்க அங்குள்ளவர்களே 2008-ல் ஒரு பாதுகாப்புக் குழு அமைத்திருக்கிறார்கள். நம் பிஸ்கட் உறையை அவர்கள் பொறுக்கும்படி செய்ய வேண்டாம். கட்டணக் கழிப்பறை உண்டு, சில்லறை வைத்திருங்கள். பொதுவாகவே ரொக்கம் அவசியம், சிக்னல் இல்லாத இடத்தில் போன்வழிப் பணம் அனுப்புவது நடக்காது. போன் பேட்டரியும் குளிரில் மளமளவென்று இறங்கும், படம் எடுக்காதபோது உள்பையில் வையுங்கள்.

பனிச்சரிவு, வழியில் மாட்டிக்கொள்வது எல்லாம் நிஜமாகவே நடக்குமா?

நடந்திருக்கிறது. 2018 டிசம்பர் 28 அன்று திடீர்ப் பனிப்பொழிவில் இந்தச் சாலையில் இரண்டாயிரத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வண்டிகளோடு சிக்கிக்கொண்டார்கள். ராணுவம்தான் அவர்களை மீட்டு, தன் முகாம்களில் இடமும் சாப்பாடும் கொடுத்தது. 2023 ஏப்ரல் 4 அன்று பதினைந்தாம் மைல் அருகே பனிச்சரிவு விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அன்று பதிமூன்றாம் மைல்வரைதான் அனுமதி இருந்தது. அதைத் தாண்டிப் போயிருந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

அதனால் இரண்டு விஷயம். எந்த மைல்வரை அனுமதி என்று டிரைவரிடம் கேளுங்கள், "இன்னும் கொஞ்சம் மேலே போகலாமே" என்று நச்சரிக்காதீர்கள். சாலையோரச் சரிவில் இறங்கிப் பனியில் விளையாடும்போது தலைக்குமேலே என்ன இருக்கிறது என்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். புதிதாகக் கனத்த பனி விழுந்து அதன்மேல் வெயில் அடிக்கும் நாளில் செங்குத்தான சரிவுக்குக் கீழே நிற்கவே கூடாது. அப்புறம், வழக்கமாகப் போடும் மாத்திரைகளில் ஒரு நாளுக்கு உரியதைக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். கொஞ்சம் பிஸ்கட்டும் இருக்கட்டும்.

போகிற நாளில் பாதையை மூடிவிட்டால்?

அன்று காலைதான் தெரியும். பர்மிட் வந்த பிறகும் ரத்தாகலாம். பணத்தைத் திருப்புவார்களா, மறுநாளுக்கு மாற்றுவார்களா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏரி நாளைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். கேங்டாக் வந்த மூன்றாம் நாளில் வைத்தால், தவறினாலும் அடுத்த நாள் கையில் இருக்கும்.

மூடிய நாளுக்கும் கேங்டாக்கில் வேலை இருக்கிறது. ரும்டெக் மடாலயம் ஒரு மணி நேரத் தொலைவு. நாம்கியால் திபெத்தியல் நிறுவனத்தில் பழைய சுவடிகளும் தங்கா ஓவியங்களும் இருக்கின்றன. பாதையோரத்தில் பார்க்க முடியாத சிவப்புப் பாண்டாவை இமாலய உயிரியல் பூங்காவில் பார்க்கலாம். பூங்காவுக்கு வியாழக்கிழமை விடுமுறை.